நெப்ராஸ்கா ஜெர்மன் வார இதழ்க் குடும்பத்தின் பழைய படங்கள்: காலம் கணிப்பதும் ஸ்கேன் செய்வதும்

தாள்வாசகன் (கேள்வி)

கிழக்கு நெப்ராஸ்காவின் ஒரு சிறு ஊரில் ஜெர்மன் மொழி வார இதழ் நடத்திய குடும்பத்தின் படங்கள் ஐந்து, பட்டியலிடுவதற்காக வந்துள்ளன. எதிலும் முழுப் பெயர் இல்லை. தம்பதியரின் குடும்பப்பெயரும் இதழின் பெயரும் மட்டும் தெரியும்.

1. டின்டைப் (மெல்லிய இரும்புத் தகட்டில் எடுத்த படம்). சுமார் 7 × 8.3 செ.மீ. உட்கார்ந்த ஆண், பக்கத்தில் நிற்கும் பெண். ஆணின் கையில் மடித்த செய்தித்தாள். தலைப்பு இடம்வலமாகப் புரண்டிருக்கிறது. "ஃப்ரையே ப்ரெ…" என்ற அளவுக்குத்தான் படிக்க முடிகிறது.

2. கேபினெட் அட்டை (தடித்த அட்டையில் ஒட்டிய ஸ்டுடியோ படம்). கருஞ்சிவப்பு அட்டை, சரிவாக வெட்டிய தங்க நிற விளிம்பு. பெற்றோர், ஐந்து பிள்ளைகள். மூத்த பெண்ணுக்கு ஏறக்குறைய 17 வயது, கடைக்குட்டிக்கு 3 இருக்கலாம். மூத்தவளின் கைச்சட்டை மணிக்கட்டு வரை இறுக்கம், தோளில் மட்டும் சற்று எழும்பி நிற்கிறது.

3. அச்சகத்தின் உட்புறம். அட்டையில் ஒட்டிய காகிதப் படம். அச்சு கோக்கும் மேசைகள், ஒரு டிரெடில் (காலால் மிதித்து ஓட்டும் சிறு அச்சு இயந்திரம்), பின்னால் பெரிய சிலிண்டர் இயந்திரம். சுவரில் நாட்காட்டி: "ஜூலி" என்ற ஜெர்மன் மாதப்பெயர் தெரிகிறது, 1ஆம் தேதி ஞாயிறு. ஆண்டு எண் மறைந்துவிட்டது.

4. 5 × 7 அங்குலக் கண்ணாடி நெகட்டிவ். இரண்டு ஓரங்களில் பூச்சு உரிந்து எழும்புகிறது.

5. புகைப்பட அஞ்சலட்டை. அலுவலக வாசலில் கூட்டம், இரண்டு கொடிகள். பின்புறம் பழைய ஜெர்மன் கையெழுத்து, "27. 8ber 09" என்று தேதி. ஆகஸ்ட் 1909 என்று குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் எல்லாரும் தடித்த கோட் போட்டிருக்கிறார்கள், மரத்தில் இலையே இல்லை.

எந்த வரிசையில் தொடங்குவது, காலத்தை எவ்வளவு நெருக்கமாகச் சொல்லலாம், நான்காவதை எப்படித் தொடுவது?

---

பழங்கண்ணாடி

ஐந்தாவதை முதலில் முடித்துவிடலாம். அது ஆகஸ்ட் இல்லை, அக்டோபர். லத்தீனில் 'ஆக்டோ' என்றால் எட்டு. அதை வைத்து 8ber என்றால் ஆக்டோபர். இதே முறையில் 7ber செப்டம்பர், 9ber நவம்பர், Xber டிசம்பர். ஜெர்மன் கடிதங்களிலும் திருச்சபைப் பதிவேடுகளிலும் பட்டியலிடுபவர்களை அதிகம் வழுக்கிவிடும் இடம் இதுதான். கோட்டும் இலையில்லா மரமும் இதோடு ஒத்துப்போகின்றன.

அட்டையின் பின்புறம் தபால்தலை ஒட்டும் கட்டத்தைப் பாருங்கள். அஸோ (AZO) என்ற புகைப்படத் தாளின் பெயரும் நான்கு மூலைகளிலும் மேல்நோக்கிய முக்கோணங்களும் இருந்தால் தாள் 1904 முதல் 1918 வரையிலானது. இரண்டு மேலும் இரண்டு கீழும் நோக்கினால் 1918க்குப் பிந்தியது. பின்புறத்தை நடுக்கோடு பிரிக்கிறதா என்றும் பாருங்கள். முகவரிப் பக்கத்திலேயே செய்தியும் எழுத அமெரிக்காவில் அனுமதி வந்தது 1907 மார்ச் 1ஆம் தேதிதான். இவை தாளின் காலத்தைத்தான் சொல்லும். பழைய நெகட்டிவிலிருந்து பின்னாளில் அட்டை அடித்திருக்கவும் கூடும்.

கொடிகள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அக்காலத் தகடுகளும் ஃபிலிமும் சிவப்பொளியை உணராது. சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப் போகும். ஆகவே அமெரிக்கக் கொடியின் நீலப் பகுதி சிவப்புப் பட்டைகளைவிட வெளிறித் தெரியும், வெள்ளை நட்சத்திரங்கள் அதில் கரைந்துபோகும். எண்ண முடிந்தால் நல்லது: 1896 முதல் 1908 வரை 45, 1908 ஜூலை 4 முதல் 46, 1912 முதல் 48. பழைய கொடியை யாரும் எறிந்துவிட மாட்டார்கள் என்பதால், இந்த எண்ணிக்கை "இதற்கு முன் இல்லை" என்பதை மட்டுமே நிரூபிக்கும். இரண்டாவது கொடி கறுப்பு, வெள்ளை, கறுப்பு எனக் கிடைமட்டப் பட்டைகளாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் ஜெர்மன் பேரரசின் கறுப்பு, வெள்ளை, சிவப்புக் கொடி.

அக்டோபர் என்று ஆனதும் இன்னொரு வழியும் திறக்கிறது. ஜெர்மன் குடும்பங்கள் 1683இல் பென்சில்வேனியா வந்து இறங்கியதன் நினைவாக அக்டோபர் 6ஐ ஒட்டி ஜெர்மன் நாள் விழா கொண்டாடுவார்கள். ஊருக்கு ஊர் நாள் முன்பின் ஆகும். 1909 அக்டோபர் இதழ்கள் முழுவதையும் பாருங்கள். இரண்டு கொடிகளுடன் சொந்த அலுவலக வாசலில் கூட்டம் என்றால், ஆசிரியர் அதைப் பற்றி எழுதாமல் விட்டிருக்க வாய்ப்பு குறைவு.

இரண்டாவது படம். கேபினெட் அட்டை 1866 முதல் புழக்கத்துக்கு வந்தது, சுமார் 108 × 165 மி.மீ. அடர்நிற அட்டையும் தங்கச் சரிவு விளிம்பும் 1880களையும் 1890களின் தொடக்கத்தையும் சுட்டுகின்றன. ஆனால் காலத்தை நெருக்கிக் கொடுப்பது நீங்கள் சொன்ன கைச்சட்டைதான். தோளில் சற்றே எழும்பும் இறுக்கமான கை 1889 முதல் 1892 வரை. அதன்பின் தோள் ஊதிப் பெருத்து 1895 வாக்கில் உச்சத்தைத் தொட்டு, 1897இல் சுருங்கிவிடும். எப்போதும் குடும்பத்தின் இளம்பெண்ணின் உடையை வைத்தே கணியுங்கள். அம்மா பத்து வருடத்துக்கு முன் தைத்த கறுப்புப் பட்டில் உட்கார்ந்திருப்பார்.

அடுத்து வயது. 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பெரும்பகுதி 1921 தீவிபத்தோடு போய்விட்டது. நெப்ராஸ்காவுக்கு 1885இல் தனியாக ஒரு மாநிலக் கணக்கெடுப்பு உண்டு, அதில் தொடங்குங்கள். 1900 கணக்கெடுப்பு இன்னும் பயன்படும். ஒவ்வொருவருக்கும் பிறந்த மாதமும் ஆண்டும், குடியேறிய ஆண்டு, தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிரோடிருப்பவர்கள் எத்தனை என்று எல்லாம் இருக்கும். பிள்ளைகளின் பிறந்த ஆண்டுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, பக்கத்தில் 1889, 1890, 1891, 1892 என நான்கு கட்டம் போட்டு அந்தந்த ஆண்டில் யாருக்கு எத்தனை வயது என்று நிரப்புங்கள். ஐந்து பிள்ளைகளின் வயதும் படத்தோடு பொருந்துவது பெரும்பாலும் ஒரே கட்டத்தில்தான். மணமாகிப் போன மூத்தவள் 1900 கணக்கெடுப்பில் வேறு வீட்டில் இருப்பாள், அதை மறக்க வேண்டாம்.

லூத்தரன் குடும்பமாக இருந்தால் இன்னொரு ஆணியும் கிடைக்கும். உறுதிப்பூசுதல் 14 வயதை ஒட்டி நடக்கும், அன்று தனிப்படம் எடுப்பது வழக்கம். கறுப்பு உடை, கையில் வேதப்புத்தகம் அல்லது பாட்டுப்புத்தகம், மார்பில் பூ. தேதி திருச்சபைப் பதிவேட்டில் இருக்கும். அப்படிப்பட்ட ஒரு படம் கிடைத்துவிட்டால் அந்த முகத்துக்கு அசையாத அடையாளம் கிடைத்த மாதிரி.

---

ஈயஎழுத்து

டின்டைப்பில் எழுத்து புரண்டிருப்பது பிழையில்லை. இரும்புத் தகட்டில் நேரடியாக விழுந்த பிம்பம் அது, கண்ணாடியில் முகம் பார்ப்பது மாதிரி. ஸ்கேன் செய்த அசலை அப்படியே வைத்துவிட்டு, நகல் ஒன்றை மட்டும் புரட்டிப் படியுங்கள். புரட்டாமல் விட்டால் மற்றதையும் தப்பாக வாசிப்போம். ஜெர்மானியர் திருமண மோதிரத்தை வலது கையில் அணிவார்கள், டின்டைப்பில் அது இடது கையாகத் தெரியும். அதைப் பார்த்து "அமெரிக்க வழக்கத்துக்கு மாறிவிட்டார்கள்" என்று குறிப்பு எழுதிவிடுவது எளிது. ஆணின் கோட் பொத்தான் வரிசையும் இடம் மாறும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. டின்டைப்பில் செய்தித்தாளின் எழுத்து நேராகப் படிக்க வந்தால், அது ஏற்கெனவே இருந்த ஒரு படத்தைப் பார்த்து எடுத்த பிரதியாக இருக்கும். இருமுறை புரண்டு நேராகிவிட்டது. அப்போது உடையின் காலம் வேறு, தகட்டின் காலம் வேறு.

அச்சகப் படத்தில் நிலைமை நேர்மாறு. ஈய எழுத்தும் பூட்டிய ஃபாரமும் (சட்டத்தில் எழுத்துகளை இறுக்கிய அச்சுப் பக்கம்) இயல்பிலேயே புரண்டுதான் இருக்கும். காகிதப் படத்தில் ஃபாரத்து எழுத்து புரண்டும், சுவரில் ஒட்டிய தாள் நேராகவும் இருந்தால் படம் சரி. மேசைமேல் உள்ள மர எழுத்தைப் பார்த்து "படம் திரும்பியிருக்கிறது" என்று முடிவுகட்டிப் புரட்டிவிட்டால், கம்பாசிட்டர் ஸ்டிக்கை (எழுத்துகளை வரிசையாகக் கோக்கும் சிறு தட்டு) வலது கையில் பிடித்திருப்பார். ஸ்டிக் எப்போதும் இடது கையில், எழுத்து பொறுக்குவது வலது கை. சோதித்துப்பார்க்க இதைவிட எளிய வழி இல்லை.

"ஃப்ரையே ப்ரெஸ்ஸே" என்றால் சுதந்திரப் பத்திரிகை. ஜெர்மன் இதழ்களில் மிகவும் பரவலான பெயர். லிங்கனில் ஒன்று இருந்தது. 1874இல் யாங்க்டனில் தொடங்கிய டகோட்டா ஃப்ரையே ப்ரெஸ்ஸே இன்னொன்று. உங்கள் குடும்பத்தின் இதழுக்கு வேறு பெயர் என்றால் அவசரப்பட வேண்டாம். ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் இதழை மாற்றிக்கொள்வார்கள், எனவே மேசையில் வெளியூர் இதழ்கள் குவிந்திருக்கும். அவர் முன்பு வேலை பார்த்த இதழாகவும் இருக்கலாம். அப்படியானால் படம் குடும்பம் அந்த ஊருக்கு வருவதற்கு முந்தியது. ஃபிராக்டூர் என்ற பழைய ஜெர்மன் அச்செழுத்தில் தலைப்பைப் படிக்கும்போது மூன்று இடங்களில் கவனம் வேண்டும். நீள எஸ்ஸும் (s-இன் பழைய நீண்ட வடிவம்) எஃப்பும் ஒரு சிறு குறுக்குக் கோட்டில்தான் வேறுபடும். பெரிய பி (B), வி (V) இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். பெரிய ஐயும் ஜேயும் பெரும்பாலும் ஒரே எழுத்துதான்.

தலைப்பு தெரியாவிட்டால் பத்தி எண்ணிக்கையைப் பாருங்கள். மடிப்பில் தெரியும் பத்திகளை எண்ணி, முழுத்தாளுக்கு எத்தனை என்று கணக்கிடுங்கள். 1869 முதல் ரோவெல், 1880 முதல் அயர் என்று ஆண்டுதோறும் வந்த பத்திரிகைக் கையேடுகளில் ஒவ்வொரு ஊர் இதழுக்கும் மொழி, வெளியாகும் கிழமை, அரசியல் சார்பு, பக்க அளவு, தொடங்கிய ஆண்டு, ஆசிரியர் பெயர் இருக்கும். பக்க அளவு மாறிய ஆண்டு தெரிந்தால் படம் அதற்கு முன்னா பின்னா என்று பிரித்துவிடலாம்.

நாட்காட்டிக்கு வருவோம். ஜூலை 1 ஞாயிறாக வரும் ஆண்டுகள், 1880க்கும் 1910க்கும் இடையில் 1883, 1888, 1894, 1900, 1906 ஆகிய ஐந்து மட்டுமே. முதல் பத்தி ஞாயிறா திங்களா என்பதை மறுபடி சரிபாருங்கள். சிவப்பில் அச்சான ஞாயிறும் படத்தில் கறுப்பாகவே விழும் என்பதால் நிறத்தை நம்ப முடியாது. மற்றபடி ஐந்தில் ஒன்றைப் பிரிக்க அறைக்குள் இருக்கும் பொருட்கள் உதவும். தொங்கும் மின்விளக்கு இருந்தால் முதல் இரண்டும் சிறு ஊருக்குப் பொருந்தாது. எழுத்து கோக்கும் இயந்திரமான லைனோடைப் 1886இல் வந்தது என்றாலும் சிறு வார இதழ்கள் நெடுங்காலம் கையால்தான் கோத்தன. அதனால் அது இல்லாததை வைத்து எதுவும் சொல்ல முடியாது. டிரெடிலின் பக்கச் சட்டத்தில் வார்த்த பெயரைப் படியுங்கள்: சாண்ட்லர் அண்ட் பிரைஸ் என்றால் 1884க்கு முன் இல்லை. அறையின் ஆழம் வரை வெளிச்சம் பரவி, நிழல்கள் ஒரே பக்கம் கூர்மையாக விழுந்தால் மக்னீசியப் பொடி வெடித்து எடுத்தது. ஜெர்மனியில் அந்தப் பொடி வந்தது 1887இல். சன்னல் பக்கம் மட்டும் வெளிச்சமும் கைகள் மங்கலுமாக இருந்தால் கேமராவை நீண்ட நேரம் திறந்துவைத்து எடுத்தது, அதற்கு எந்த ஆண்டும் பொருந்தும்.

மூலையில் பாதி அச்சான தாள் அடுக்கு இருக்கிறதா? அதைக் கவனியுங்கள். உள்பக்கங்கள் வெளியே அச்சாகி வந்து, ஊர்ச்செய்தியை மட்டும் உள்ளூரில் அடிக்கும் முறை சிறு இதழ்களில் பரவலாக இருந்தது. சிகாகோவில் கெல்லாக் 1865இல் இதைத் தொழிலாகவே தொடங்கினார். குடும்பத்தில் நான்கைந்து பேர் ஒரு வார இதழைச் சமாளித்ததற்குப் பெரிய காரணம் அது. பெண் பிள்ளைகள் டைப் கேஸ் (எழுத்துப்பெட்டி) முன் நிற்பது படத்துக்காக என்று நினைக்காதீர்கள், அவர்கள் நிஜமாகவே எழுத்து கோத்தவர்கள்.

கடைசியாக ஒன்று. படத்தின்மேல் பென்சில் கோடு, வெள்ளை மை பூச்சு ஏதாவது இருந்தால் துடைத்துவிடாதீர்கள். இதழில் அச்சிட ப்ளாக் (படத்தின் அச்சுத்தகடு) செய்யக் கொடுத்ததன் அடையாளம் அது. அதே படம் ஏதோ ஓர் ஆண்டுவிழா இதழில் பெயர்களோடு அச்சாகியிருக்கலாம்.

---

தாள்வாசகன்

மிக்க நன்றி. அஸோ கட்டத்தில் நான்கு முக்கோணமும் மேல்நோக்கியே உள்ளன, நடுக்கோடும் இருக்கிறது. அச்சகப் படத்தில் ஸ்டிக் இடது கையில்தான். எழுத்து கோக்கும் பெண்ணின் கைச்சட்டை முழங்கைக்கு மேல் பலூன் மாதிரி, கீழே இறுக்கம். அப்படியானால் 1894 என்று எழுதலாமா? இதழை இணையத்தில் தேடினால் ஜெர்மன் சொற்களுக்கு ஒன்றும் வருவதில்லை. அதுவும் புரியவில்லை.

---

ஈயஎழுத்து

1894 ஜூலை என்று எழுதலாம், "நாட்காட்டி, கைச்சட்டை ஆகியவற்றின்படி" என்ற காரணத்தோடு. இரண்டாவது படம் 1889–92 என்றால், அந்த மூத்த பெண் இதில் இரண்டு முதல் ஐந்து வயது கூடியிருக்க வேண்டும். இரண்டு முகங்களையும் பக்கத்தில் வைத்துக் காதின் வடிவத்தை ஒப்பிடுங்கள். வயதேறினாலும் காது அவ்வளவாக மாறாது.

தேடலில் வராததற்குக் காரணம் எழுத்துணரி, அதாவது ஸ்கேன் செய்த பக்கத்தின் எழுத்தைப் படிக்கும் மென்பொருள். ஃபிராக்டூரை அது லத்தீன் எழுத்தென்று நினைத்துப் படிக்கும். நீள எஸ் எஃப் ஆகிவிடும், ஹெச் (h) பி (b) ஆகிவிடும், கே (k) டி (t) ஆகிவிடும். 'ப்ரெஸ்ஸே' என்ற சொல்லை இரட்டை எஸ்ஸுக்குப் பதில் இரட்டை எஃப் போட்டுத் தேடுங்கள். குடும்பப்பெயரில் எஸ் இருந்தால் அதற்கும் அப்படியே. கிடைக்காவிட்டால் தேடலை விட்டுவிட்டு "லோகாலெஸ்" என்ற ஊர்ச்செய்திப் பகுதியை வாரம் வாரமாகக் கண்ணால் படிப்பதே வேகம். பெரும்பாலும் ஒரே பக்கத்தில் இருக்கும், இதழுக்கு ஐந்து நிமிடம் போதும். அதே இதழில் புகைப்படக்காரரின் விளம்பரம் எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் நின்றது என்றும் குறியுங்கள். கேபினெட் அட்டையின் அடியில் அவர் பெயர் இருந்தால் அதற்கு அதைவிட நல்ல எல்லை கிடைக்காது.

---

பழங்கண்ணாடி

இனி நான்காவது. ஐந்தில் ஆபத்தில் இருப்பது அது ஒன்றுதான், ஆகவே வேலையை அதிலிருந்து தொடங்குங்கள்.

நைட்ரைல் கையுறை போடுங்கள். பருத்தி வேண்டாம்: வழுக்கும், எழும்பிய பூச்சில் நூல் மாட்டும். இரண்டு கையாலும் எதிரெதிர் விளிம்பைப் பிடியுங்கள், மூலையைப் பிடிக்காதீர்கள். பளபளப்பான பக்கம் கண்ணாடி, மங்கலான பக்கம் பூச்சு. பூச்சுள்ள பக்கத்தில் துடைப்பது, ஊதுவது, தண்ணீர் காட்டுவது எதுவும் கூடாது. கண்ணாடிப் பக்கத்தைத் தூசித்தூரிகையால் லேசாகத் தட்டலாம், அதுவும் பூச்சு உரியாத பகுதிக்கு நேராக மட்டும்.

ஸ்கேனரைவிட வெளிச்சப்பெட்டியும் மேலே பொருத்திய கேமராவும் பாதுகாப்பானவை. தகட்டைக் கண்ணாடிப் பக்கம் கீழாக, பூச்சு மேலாக வையுங்கள். சுற்றியுள்ள வெளிச்சத்தைக் கறுப்பு அட்டையால் மறையுங்கள், இல்லாவிட்டால் ஓரங்களில் பிம்பம் வெளுக்கும். கேமரா பூச்சுப் பக்கம் பார்ப்பதால் பிம்பம் புரண்டு வரும், மென்பொருளில் திருப்ப வேண்டும். படுக்கை ஸ்கேனர்தான் இருக்கிறது என்றால் அதிலும் பூச்சு மேலாகவே. அங்கே ஸ்கேனர் கண்ணாடி வழியாகப் பார்ப்பதால் நேராகவே வரும். ஆனால் பூச்சு தகட்டின் தடிமன் அளவு உயர்ந்துவிடுவதால் கூர்மை குறையலாம். அதற்காகத் தகட்டைத் திருப்பிப் போட்டு, எழும்பிய பூச்சை ஸ்கேனர்மேல் அழுத்திவிடாதீர்கள். அந்தத் துண்டுகள் திரும்ப ஒட்டாது. மூடியையும் பளு வைத்து மூடாதீர்கள்.

16 பிட், டிஃப் கோப்பு. தகட்டுக்கு 2400 பிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), காகிதப் படங்களுக்கு 1200. காகிதத்துக்கு 1200 அதிகம் என்பார்கள். ஆனால் இங்கே கையிலிருக்கும் தாளும் நாட்காட்டியும்தான் சாட்சி. 1.5 செ.மீ. அகலத் தலைப்பு 1200இல் சுமார் 700 புள்ளி கிடைக்கும், 300இல் 180கூட வராது. மஞ்சளித்த படங்களை வண்ணத்திலேயே ஸ்கேன் செய்து, பிறகு நீல அலைவரிசையை மட்டும் தனியே பாருங்கள். வெளுத்துப்போன விவரம் பெரும்பாலும் அதில்தான் அதிகம் தெரியும்.

சேமிக்க, நான்கு மடல் உறை. சொருகும் உறை வேண்டாம், உருவும்போது ஓரப்பூச்சு உரசும். பொதுவாகத் தகட்டை நீள விளிம்பில் நிறுத்துவார்கள். உங்களுடையது உரிவதால் பூச்சு மேலாகப் படுக்க வைத்து, மேலே எதுவும் அடுக்காமல் தனிப்பெட்டியில் வையுங்கள். உறைமேல் எழுதுவதை உள்ளே தகடு வைப்பதற்கு முன்பே பென்சிலால் எழுதிவிடுங்கள். ஈரப்பதம் 30 முதல் 50 விழுக்காட்டுக்குள், முக்கியமாக ஏறி இறங்காமல் இருக்கட்டும். பூச்சிலுள்ள ஜெலட்டின் ஈரத்தில் விரிந்து காய்ந்தால் சுருங்கும், கண்ணாடி அப்படியே இருக்கும். ஓரம் உரிவதன் காரணமே அந்த இழுபறிதான்.

டின்டைப்புக்கும் தண்ணீர் ஆகாது, இரும்பு துருப்பிடித்து மேலே உள்ள அரக்குப் பூச்சைத் தள்ளிவிடும். அதை வளைத்து நிமிர்த்தவும் முயல வேண்டாம். கேபினெட் அட்டையிலிருந்து படத்தைப் பிரிக்கவே கூடாது. அட்டையின் நிறம், விளிம்பு, பின்பக்க எழுத்து எல்லாம் சேர்ந்துதான் ஆவணம்.

பின்பக்கக் குறிப்புகளையும் தனித்தனிக் கைகளாகப் பிரித்துப் பாருங்கள். பழைய ஜெர்மன் கையெழுத்தில் இருப்பது பெரும்பாலும் முதல் தலைமுறை எழுதியது. பெண் பெயரை அடுத்து "கெப்." என்று வந்தால் அது பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர், மகளின் பெயர் என்று எடுத்துவிட வேண்டாம். 1919இல் நெப்ராஸ்கா, எட்டாம் வகுப்பு முடிக்காத பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தவிர வேறு மொழி கற்பிப்பதைத் தடைசெய்தது. 1923இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்தாலும், அதற்குள் பல வீடுகளில் அடுத்த தலைமுறைக்கு அந்தக் கையெழுத்தே படிக்க வரவில்லை. ஆங்கிலத்தில், பேனா மையில் பின்னால் எழுதிய பெயர்கள் பெரும்பாலும் நினைவிலிருந்து எழுதியவை. அவற்றைப் பட்டியலில் சேருங்கள், ஆனால் "பிற்காலக் குறிப்பின்படி" என்ற சொல்லோடு.

---

பத்தியெண்

ஒரு சிறு சேர்க்கை. அதே குடும்பத்தின் 1917, 1918 படங்கள் பின்னால் வந்தால், கையிலுள்ள இதழைப் பெரிதாக்கிப் பாருங்கள். 1917 அக்டோபர் 6 சட்டத்துக்குப் பிறகு, போரையும் அரசையும் பற்றிய ஜெர்மன் செய்திகளின் ஆங்கில மொழிபெயர்ப்பை உள்ளூர் அஞ்சல் அதிகாரியிடம் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. விலக்கு அனுமதி பெறாத இதழ்கள், தாக்கல் செய்த தேதியோடு ஓர் ஆங்கில வரியை ஒவ்வொரு செய்தியின் தலையிலும் போட்டன. ஃபிராக்டூர் பத்திகளுக்கு நடுவே அந்த ரோமன் எழுத்து வரி தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். தேதி அதிலேயே இருக்கும்.

---

தாள்வாசகன்

8ber திருத்தம் பட்டியலில் ஏற்றிவிட்டேன். தகடு பூச்சு மேலாகத் தனிப்பெட்டியில் படுத்துவிட்டது. அடுத்து 1909 அக்டோபர் இதழ்களின் ஊர்ச்செய்திப் பகுதி, பிறகு 1885 கணக்கெடுப்பு.